தள்ளும் பாக்கியம்

மாப்பிள்ளையின் வேலை மற்றவர்களின் கோபத்தைக் கேட்டுக்கொள்வது. வெந்நீர்க் கருவி செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவர் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் சுடவே இல்லை என்று ஒருவர் கத்துவார். முதுகு வெந்துவிட்டது என்று இன்னொருவர் கத்துவார். இருவருக்கும் ஒரே குரலில், "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுங்க" என்பார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அவர் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. அவர் மனைவிக்கு அதில் பாதி நிம்மதி, பாதி எரிச்சல்.

அவருடைய மாமியார், அவர் வாயில் அத்தை, நேர் எதிர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குறுக்கே வந்த லாரிக்காரர்களை ஜன்னலில் தலையை நீட்டி ஒரே வாக்கியத்தில் ஓரங்கட்டிய வாய் அவருடையது. சர்க்கரை வியாதி இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டு போனபோதும் வாயை அது ஒன்றும் செய்ய முடியவில்லை. வீடுதான் மாறிப்போனது. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அத்தை தன் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் வேகமாக உருட்டினால் மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் அத்தை மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, எனக்கு ஒரு தடவை நல்லா பயப்படணும். வயித்தைக் கலக்கணும். ரெண்டு வருஷமா என்னைப் பார்த்து மத்தவங்கதான் பயப்படுறாங்க. எனக்குப் பயமே வர்றதில்ல. செத்துப்போன மாதிரி இருக்கு."

ஊருக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்காவில் ராட்சத ரயில் ஒன்று ஓடியது. வானத்துக்கு ஏறி, தலைகுப்புற விழுந்து, வளைந்து, ஏறியவர்களின் உயிரைக் கையில் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் ரயில். அத்தை அதில்தான் ஏற வேண்டும் என்றார். மாப்பிள்ளை விளம்பரத்தைப் பார்த்தார். 'சக்கர நாற்காலி விருந்தினர்கள் எங்கள் இதயத்தில்' என்று போட்டிருந்தது. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இதயம் என்ற சொல்லை அவருடைய கம்பெனியும்தான் பயன்படுத்துகிறது. அது வருகிற இடத்தில் வேறொன்றும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றார். மனைவியிடம் பூச்செடி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

வாசலிலேயே வரவேற்பு பிரமாதமாக இருந்தது. மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். தன்னை 'அன்புத் தோழி' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். பூங்கா அவளுக்குக் கொடுத்திருந்த பதவி அது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது; அதுவும் பூங்கா கொடுத்ததுதான்.

முதல் காரியமாக அத்தையின் சக்கர நாற்காலியைப் பறிமுதல் செய்தார்கள். வெளிச் சக்கரங்களில் தூசி இருக்குமாம். அதற்குப் பதிலாகப் பூங்காவின் 'அன்பு நாற்காலி' வந்தது. பஞ்சு மெத்தை, இரண்டு பக்கமும் பலூன், பின்னால் ஒரு மணி. சக்கரங்கள் மட்டும் சின்னவை. உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டாது. ஒருவர் தள்ளினால்தான் நகரும். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை வேறு. அதன் பூட்டு முதுகுக்குப் பின்னால். உட்கார்ந்திருப்பவர் உற்சாகத்தில் அவிழ்த்துவிடக் கூடாதே என்று இந்த ஏற்பாடு. சாவியை ஒரு ரிப்பனில் கோத்து மாப்பிள்ளையின் கழுத்தில் போட்டாள் தோழி. இனி அவர் 'துணையாளர்'.

"அம்மாவுக்குத் தண்ணி வேணுமா?" என்று தோழி மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"வேணும்" என்றார் அத்தை.

தோழியின் பார்வை மாப்பிள்ளையைவிட்டு நகரவில்லை. "அம்மா என்ன சொல்றாங்க?"

மாப்பிள்ளை குழம்பிப்போய், "வேணும்ங்கறாங்க" என்றார். உடனே தண்ணீர் வந்தது. அத்தையின் கையில் தராமல் அவர் கையில் தந்தார்கள்.

அதுதான் பூங்காவின் விதி என்று பிறகு தெரிந்தது. விருந்தினரிடம் நேராகப் பேசினால் அவர் மனம் சங்கடப்படலாம். ஆகவே எதையும் துணையாளரிடம்தான் கேட்க வேண்டும். விருந்தினர் குரலை உயர்த்தினால் அது ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து வரவேற்புப் பாட்டைப் பாட வேண்டும். அத்தை குரலை உயர்த்தினார். பாடினார்கள். இரண்டாம் தடவை உயர்த்தியபோது இன்னும் நான்கு மஞ்சள் அங்கிகள் சேர்ந்து சுதியோடு பாடின.

மணிக்கும் ஒரு விதி இருந்தது. நாற்காலி ஒரு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தோழி மணியை அடிப்பாள். அந்த இடத்தில் இருக்கும் எல்லோரும் நின்று, விருந்தினரின் துணிச்சலுக்காகக் கைதட்ட வேண்டும். நுழைவாயிலில் தட்டினார்கள். குடிநீர்க் குழாய் அருகே தட்டினார்கள். அத்தை கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது சுமார் நாற்பது பேர் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் விசிலும் அடித்தார். பேருந்து ஓட்டிய காலத்தில் அத்தை எத்தனையோ வெள்ளத்தையும் கலவரத்தையும் தாண்டி வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அன்றெல்லாம் ஒரு பயல் தட்டவில்லை.

"மாப்பிள்ளை, ரயில் எங்க இருக்குன்னு கேளுங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரயிலுக்கு முன்னால் மற்ற விளையாட்டுகளை அனுபவிக்க வேண்டும் என்றாள் தோழி. அனுபவம் என்றால் ஏறுவது இல்லை. சக்கர நாற்காலி விருந்தினர்களுக்கென்று 'மாற்று அனுபவம்' என ஒன்றைப் பூங்கா கண்டுபிடித்திருந்தது. பெரிய ராட்டினத்துக்குக் கூட்டிப்போய், அதன் படத்தை அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்து மேலும் கீழும் ஆட்டினார்கள். ஒருவன் மின்விசிறியை அவர் முகத்துக்கு நேரே சுழலவிட்டான். இன்னொருவன் "ஊ" என்று சத்தம் போட்டான். நீர்ச்சறுக்கில் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அத்தையின் நெற்றியில் மட்டும் தெளித்தார்கள். பேய் வீட்டு வாசலில் தோழி குனிந்து மாப்பிள்ளையின் காதில் சொன்னாள்: "உள்ள ஒரு பேய் இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா நல்ல பேய்னு சொல்லிடுங்க."

மாப்பிள்ளை சொன்னார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே இருந்த பேயே வெளியே ஓடியிருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு வந்ததுதான் பூங்காவின் பெருமைக்குரிய நிகழ்ச்சி. நடுமைதானத்தில் 'தள்ளும் பாக்கியம்' என்று பெரிய பலகை. அதன் கீழே வளைந்து வளைந்து ஒரு வரிசை. பூங்காவுக்கு வருகிற பொதுமக்கள் வரிசையில் நின்று சக்கர நாற்காலி விருந்தினரை ஒரு சுற்று தள்ளிக்கொண்டு போகலாம். மனம் லேசாகும் என்று பலகையில் எழுதியிருந்தது. ராட்சத ரயிலுக்கு நின்ற கூட்டத்தைவிட இங்கே கூட்டம் அதிகம். அன்றைக்கு வந்திருந்த ஒரே விருந்தினர் அத்தைதான் என்பதால் ஆட்கள் முண்டியடித்தார்கள்.

மாப்பிள்ளையின் சம்மதத்தைத் தோழி கேட்டாள். அவர் பழக்கத்தில் தலையாட்டித் தொலைத்தார். அவ்வளவுதான், அத்தை சுற்ற ஆரம்பித்தார். முதலில் ஒரு வங்கி அதிகாரி தள்ளினார். தள்ளியபடியே தன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியது. ஒரு தடித்த ஆள் பாதி வழியில் நின்று அழுதார். தன் தம்பியின் வீட்டை ஏமாற்றி எழுதி வாங்கியது இப்போதுதான் உறுத்துகிறது என்றும், ஆனால் இந்தச் சுற்றோடு அது சரியாகிவிட்டதாகவும் தோழியிடம் சொன்னார். சுற்று முடிந்ததும் எல்லோரும் தாங்கள்தான் ஏதோ ஏறி இறங்கியதுபோல முகம் மலர்ந்து போனார்கள். ஏற வந்தவர் ஏறவில்லை. அவரையே விளையாட்டாக்கிவிட்டார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ சுற்று முடிந்தபோது அத்தை திட்டவில்லை. அதுதான் மாப்பிள்ளையை உலுக்கியது. அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வீட்டுக்குப் போயிடலாம் மாப்பிள்ளை. போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அத்தை 'போதும்' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. இத்தனை வருடம் ஊரார் கோபத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு வைத்தவருக்கு, சொந்தமாகக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியை வரிசையிலிருந்து பிடுங்கி நேரே ராட்சத ரயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ரயிலை இயக்குபவர் நல்ல மனிதர்தான். தோளையும் மடியையும் கம்பி பிடித்துக்கொள்ளும், அதில் காலுக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் விதி இருக்கிறதே. சக்கர நாற்காலி விருந்தினர் யாரும் ஏற வேண்டுமானால் பூங்காவின் எம்.டி. நேரில் வந்து அனுமதி சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதுண்டா என்று கேட்டார் மாப்பிள்ளை. இதுவரை நேரில் வந்ததே இல்லை என்றார் அவர். இன்று மட்டும் வருகிறாராம். எதிரே மேடை போட்டிருந்தார்கள்.

எம்.டி. வெள்ளை உடையில் வந்தார். மேடையின் நடுவில் இன்னொரு அன்பு நாற்காலி வைத்திருந்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு தடவை கால் சுளுக்கிச்சு. அரை நாள் படுத்தேன். அந்த அரை நாள்ல இவங்க வாழ்க்கை பூராவும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம பூங்காவுல இன்னிவரைக்கும் ஒரு சக்கர நாற்காலி விருந்தினருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல. ஏன்னா ஒருத்தரையும் எதுலயும் ஏத்தினதில்ல. இதுக்குப் பேர்தான் பாதுகாப்பு."

மஞ்சள் அங்கிகள் தட்டினார்கள்.

"இவங்ககிட்ட நேரடியா எதையும் கேக்காதீங்கன்னு நான்தான் விதி போட்டேன். ஏன்? கேட்டா வேணும்னு சொல்லுவாங்க. வேணும்னு சொன்னா குடுக்கணும். குடுக்கலேன்னா அவங்க மனசு நோகும். அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் கேக்கறதே இல்ல."

பலமான கைதட்டல். எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு மணி நேரம் நானும் அவங்கள்ல ஒருத்தன். இந்த நாற்காலியில உக்காரப் போறேன். எம்.டி. ஆச்சேன்னு யாராவது விதியை ஒரு நூல் வளைச்சீங்க, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம். போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் இரக்கப்பட்டு வளைச்சா. இப்ப எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது."

அப்படியே போய் உட்கார்ந்தார். தோழி பட்டையைக் கட்டிப் பின்னால் பூட்டினாள். துணையாளராக யாரைப் போடலாம் என்று எம்.டி. கூட்டத்தைப் பார்த்தார். கழுத்தில் ரிப்பனோடு நின்ற மாப்பிள்ளை கண்ணில் பட்டார். அனுபவமுள்ள துணையாளர், சாதுவான முகம். மேடைக்குக் கூப்பிட்டு இரண்டாவது சாவியையும் அவர் கழுத்தில் மாட்டினார்கள்.

தோழி குனிந்து மாப்பிள்ளையிடம் கேட்டாள். "சாருக்குத் தண்ணி வேணுமா?"

"வேண்டாம்மா" என்றார் எம்.டி.

தோழி மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மேடைக்குக் கீழே இருந்த அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார்.

"வேணும்ங்கறார். நிறைய வேணுமாம்" என்றார் மாப்பிள்ளை.

தண்ணீர் வந்தது. எம்.டி. சிரித்தபடி குடித்தார். இரண்டாவது குவளையைச் சிரிக்காமல் குடித்தார். மூன்றாவதைக் குடிக்கும்போது இது போதும் என்றார். சார் இன்னும் கேட்கிறார் என்றார் மாப்பிள்ளை. மேடையிலிருந்து இறக்கும்போது மணி அடித்தது. எல்லோரும் தட்டினார்கள். மாப்பிள்ளை அவரை நேரே ராட்சத ரயிலின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தையைத் தோழி தள்ளி வந்தாள்.

மாப்பிள்ளை ரயில்காரரிடம், எம்.டி. நேரில் வந்துவிட்டார், அத்தையை ஏற்ற அனுமதி சொல்கிறார் என்றார்.

"நான் சொல்லவே இல்ல. அந்தம்மாவை ஏத்தக் கூடாது. முதல்ல என்னை அவிழ்த்து விடுங்க" என்றார் எம்.டி.

ரயில்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். "சார் இப்ப விருந்தினர். அவர்கிட்ட நான் பேசக் கூடாதுங்க. நீங்க சொல்லுங்க, சார் என்ன சொல்றார்?"

மாப்பிள்ளை தன் தொலைபேசிக் குரலை எடுத்தார். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும் குரல் அது. அதை அவர் அன்றுவரை யார் மீதும் ஆசையாகப் பயன்படுத்தியதில்லை.

"சாருக்கு ரொம்ப ஆசைங்க. அம்மாவை முன் வரிசையில உக்கார வைங்கன்னு சொல்றார்."

எம்.டி. கத்தினார். தோழி அவர் கையைப் பிடித்து வரவேற்புப் பாட்டைத் தொடங்கினாள். அவள் முகத்தில் அதே சிரிப்புதான். ஆனால் இந்தத் தடவை அது பூங்கா கொடுத்தது மாதிரி இல்லை. யார் யார் வேலையிலிருந்து தூக்கப்படுவீர்கள் என்று எம்.டி. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கத்தினார். இது சோதனைதான், நாம் வளைகிறோமா என்று சார் பார்க்கிறார் என மஞ்சள் அங்கிகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார்கள்.

மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னார். மின்விசிறி வேண்டுமாம். நெற்றியில் தண்ணீர் வேண்டுமாம். ஒரு குவளை போதாதாம், வாளியாக இருந்தால் நல்லதாம். நல்ல பேயைப் பற்றி விவரமாகக் கேட்க வேண்டுமாம். முக்கியமாக, பொதுமக்கள் தன்னைத் தள்ள வேண்டும் என்று சார் உயிரை விடுகிறாராம்.

"உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று எம்.டி.யின் தோளைத் தட்டிக் கொடுத்தார். வரிசை ஏற்கெனவே பழைய இடத்திலிருந்து இங்கே நகர்ந்து வந்திருந்தது. தம்பி வீட்டை எழுதி வாங்கியவர் மறுபடி முன்னால் நின்றார். அவருக்கு இன்னொரு விஷயமும் உறுத்துகிறதாம்.

மாப்பிள்ளை அத்தையின் பட்டையை அவிழ்த்தார். அத்தை கைகளை ஊன்றி, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த கைகள் அவை, ஒரே எம்பில் ரயிலின் முன் இருக்கைக்கு மாறினார். துணையாளரும் கூட ஏற வேண்டும் என்பது விதி. இதை மாப்பிள்ளை எதிர்பார்க்கவில்லை. உயரம் என்றால் அவருக்கு ஸ்டூல் மேல் ஏறி விளக்கு மாற்றுவதே தகராறு. தான் இல்லாதபோது எம்.டி.க்காக யார் பேசுவது என்று ரயில்காரரைக் கேட்டுத் தப்பிக்கப் பார்த்தார்.

"துணையாளர் பக்கத்துல இல்லேன்னா விருந்தினருக்குக் கருத்து கிடையாதுங்க" என்றார் ரயில்காரர். "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

ரயில் கிளம்பியது. மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்து ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. கீழே ஒரு வெள்ளை உடையைக் கூட்டம் தள்ளிக்கொண்டு சுற்றுவது தெரிந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வாயைத் திறந்தார். அதற்குள் ரயில் விழுந்துவிட்டது.

அத்தை அலறினார். அது பாட்டுப் பாடி அடக்கக்கூடிய சத்தம் இல்லை. முதல் இறக்கத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டாவதில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். தலைகீழானபோது பழைய லாரிக்காரர்களை என்ன சொல்லித் திட்டினாரோ அதையெல்லாம் சொல்லித் திட்டினார். வயிறு கலங்கியது, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. செத்துப்போய்விடுவோம் என்று நிஜமாகவே பயந்தார். அப்படிப் பயந்ததில் அவருக்கு உயிர் வந்தது.

ரயில் நின்றது. அத்தை மூச்சு வாங்கியபடி இறங்கும் இடத்தில் இருந்த மரப்பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார். முடி கலைந்து, முகம் சிவந்து, இரண்டு வருடமாக வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு சிரித்தார். மாப்பிள்ளை அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுச் செடி மறைவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். அது சீக்கிரம் முடிகிற வாந்தியாகத் தெரியவில்லை.

அப்போது தோழி எம்.டி.யைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளை உடை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு பலூன் வெடித்துவிட்டிருந்தது. குரல் கட்டிப்போய் எம்.டி. உதட்டை மட்டும் அசைத்தார். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. பின்னால் வரிசை மட்டும் முடியவில்லை. துணையாளரைத் தேடிய தோழிக்குச் செடி மறைவிலிருந்து சத்தம் மட்டும்தான் கேட்டது.

தோழி யோசித்தாள். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம்தான் பேசக் கூடாது. இந்த அம்மா இப்போது பெஞ்சில் இருக்கிறார். பெஞ்சில் இருப்பவரிடம் பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

அவள் அத்தையின் முன்னால் வந்து, முகத்தை நேராகப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அந்தப் பூங்காவில் அத்தையிடம் ஒருவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. சாரை இறக்கி விட்டுடலாமா?"

எம்.டி. கைகூப்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அத்தை அந்தக் கண்ணீரை நிதானமாகப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"பாவம், இவ்ளோ பேர் ஆசையா நிக்கறாங்க. கடைசி ஆள் வரைக்கும் தள்ளட்டும்மா."